ஃபைபர் படகில் தண்ணீர் ஏறுகிறது: ஓட்டையைத் தேடிப் பிடித்து அடைப்பது எப்படி?

கேள்வி இது: நாகப்பட்டினம் பக்கத்தில் கைமாறி வாங்கிய 28 அடி ஃபைபர் படகு, பின்னால் அவுட்போர்டு மோட்டார். துறைமுகம் இல்லாத ஊர் என்பதால் தினமும் மணலில் இழுத்துத்தான் ஏற்றுகிறார்கள். அதிகாலை போய் மதியம் திரும்பினால் பின்பக்கம் நாலைந்து வாளித் தண்ணீர் நிற்கிறது. அடியில் தெரிந்த ஒரு கீறலில் எபாக்சி புட்டி வைத்து அடைத்தும் இரண்டு வாரத்தில் பெயர்ந்துவிட்டது. ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைப் போட்டால் நிற்கும், தார் பூசலாமா?

தாரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தார் நாலு நாள் தாங்கும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஃபைபர் வார்க்கிற பிசினான ரெசின் எதுவும் ஒட்டாது. நாளைக்கு முறையாக வேலை செய்ய வருகிறவர் தாரைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் கூலி கேட்பார். சிலிக்கான் குழாயைப் பிதுக்கி அடைப்பதும் அப்படித்தான். ஏற்கெனவே சிலிக்கான் போட்டிருந்தால் அந்த இடத்தைத் தாராளமாகத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இரண்டாவது, பெரிய ஓட்டையைத் தேடாதீர்கள். நீர்மட்டத்துக்கு ஓரடிக்குக் கீழே 5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் மணிக்கு ஏறக்குறைய 100 லிட்டர் உள்ளே வரும். 2 மில்லிமீட்டர் துளை என்றால் மணிக்குப் பதினாறு லிட்டர். உங்கள் கணக்குக்கு, எட்டு மணி நேரத்தில் நாலைந்து வாளிக்கு, ஒன்றரை மில்லிமீட்டர் போதும். தீக்குச்சிகூட நுழையாது. கண்ணில் பட்ட பெரிய கீறலை அடைத்தும் தண்ணீர் நிற்காததில் ஆச்சரியம் இல்லை. அது வெறும் மேல்பூச்சுக் கீறலாக இருக்கலாம், தண்ணீர் வரும் வழி வேறு எங்காவது இருக்கலாம். பின்பக்கம் தண்ணீர் நிற்பதால் ஓட்டை பின்பக்கம் என்றும் ஆகாது. மோட்டார் கனத்தில் பின்பக்கம் தாழ்ந்துதான் இருக்கும், எங்கே நுழைந்தாலும் அங்கேதான் வந்து சேரும்.

அடுத்து, இது ஓட்டைத் தண்ணீர்தானா என்று பாருங்கள். வலையை வாங்கும்போது அதோடு ஏறும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. ஐஸ் உருகி ஓடுவது, அலை தெறிப்பது எல்லாம் சேர்ந்தால் இரண்டு வாளிக்குக் குறையாது. ஒரு நாள் தொழிலுக்குப் போகாமல் படகை உள்ளே ஈரமில்லாமல் துடைத்து, முகத்துவாரம் போன்ற அமைதியான தண்ணீரில் இரண்டு மணி நேரம் சும்மா கட்டிப்போடுங்கள். அப்புறம் அரை மணி நேரம் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கட்டிப்போட்டபோதே ஏறினால் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் இடத்தில் துளை. ஓட்டும்போது மட்டும் ஏறினால், அலையில் அடிபட்டு உடம்பு நெளியும்போது வாய் திறக்கிற வெடிப்பு, இல்லையென்றால் மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகை. வலையும் மீனும் ஏற்றிய பிறகுதான் வருகிறது என்றால் வெறும் படகின் நீர்மட்டத்துக்கு மேலே, விளிம்பை ஒட்டித் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையில் தேட வேண்டிய இடம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பலர் இதைச் செய்யாமல் நேரே கிரைண்டரை எடுப்பதுதான் பிரச்சினை.

கரைக்கு வந்ததும் முதலில் வடிகால் மூடியைப் பாருங்கள், பிளக் என்கிறோமே, அதை. அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கும், மரை தேய்ந்திருக்கும், அல்லது மூடி நன்றாக இருந்து அது உட்கார்ந்திருக்கும் குழாயைச் சுற்றி ரெசின் விட்டிருக்கும். இருபது ரூபாய் வளையத்துக்காகப் படகைக் கவிழ்க்க வேண்டாம்.

பிளக் சரியென்றால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. படகை மணலிலிருந்து ஒரு முழமாவது தூக்கி, பழைய டயர், மணல் மூட்டை வைத்து அடி தெரியும்படி நிறுத்துங்கள். மூட்டைகள் நாலைந்து இடத்தில் பரவலாக இருக்கட்டும். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம்; மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சாண் தண்ணீர் அறுநூறு கிலோ கனக்கும். வெளிப்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரை மெல்லத் தூவிவிடுங்கள். உள்ளே ஊற்றும் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துகொண்டால் இன்னும் வசதி. கசிவு இருக்கும் இடத்தில் பவுடர் முதலில் மங்கும், பிறகு ஊசி முனை அளவு ஒரு நீலப் புள்ளி தெரியும், அது மெதுவாகக் கீழ்நோக்கிக் கோடாக இறங்கும். கோட்டின் மேல் முனைதான் உங்களுக்கு வேண்டியது. பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு மற்ற இடங்களையும் பாருங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரமாவது காத்திருங்கள். சில கசிவுகள் அடுக்குகளுக்கு நடுவே நடந்து ஓரடி தள்ளி வெளிவரும்.

அணியத்திலும் (படகின் முன்பக்கம்) பின்பக்கத்திலும் மிதப்புக்காக மூடிவைத்த அறைகளை இப்படிச் சோதிக்க முடியாது. அதற்குக் காற்று. ஒரு சின்னத் துளையில் குழாய் மாட்டி, வாயாலோ சைக்கிள் பம்பாலோ கொஞ்சம் காற்று ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை மட்டும் கொண்டுவராதீர்கள். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தில் இருபதில் ஒரு பங்கு ஏறினாலே ஒரு சதுர மீட்டர் தட்டையான பரப்பில் ஒரு டன் தள்ளுகிறது என்று அர்த்தம். மேல்தளத்தின் ஒட்டே பிரிந்துவிடும், ஒரு கசிவைத் தேடப் போய்ப் பத்து கசிவு கிடைக்கும்.

எங்கெல்லாம் பார்ப்பது? நம் கரைப் படகுகளில் பாதிக்கு மேல் பதில் ஏராவில்தான் இருக்கிறது, அடியில் நீளவாக்கில் ஓடும் அந்த முதுகெலும்பில். தினமும் மணலில் இழுபடுவது அதுதான். மணல் ஜெல் கோட் என்கிற வெளிப்பூச்சைத் தின்று, அதற்கு அடியில் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பைத் தின்று, கடைசியில் நார் தெரியும். விரலால் தடவினால் சொரசொரவென்று முடி குத்துவதுபோல இருக்கும் இடத்தில் ரெசின் போய் வெறும் கண்ணாடி நார்தான் மிச்சம் இருக்கிறது. அந்த நார் வழியே தண்ணீர் ஊறும். துளை என்று தனியாக ஒன்று இருக்காது. அணியம் ஏராவோடு சேரும் வளைவு, கரையில் முதலில் முட்டுகிற இடம், இதைவிட மோசம். கூர்மையான மூலைகளில் வார்க்கும்போதே மேட் சரியாகப் படியாமல் ஜெல் கோட்டுக்கு அடியில் காற்றுப் பை நின்றுவிடுவது உண்டு. வெளியே பளபளவென்று இருக்கும், ஒரு நாணயத்தால் தட்டினால் 'டக்' என்று மந்தமாகக் கேட்கும். நல்ல இடத்தில் 'டிங்' என்று தெளிவாகக் கேட்கும். 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாக வார்த்துக் கொடுத்த படகுகள் இன்னும் கைமாறிக்கொண்டு இருக்கின்றன. உங்களுடையது அந்தக் காலத்துப் படகு என்றால் ஏரா முழுவதையும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

நட்சத்திரம் போல் பரவிய மெல்லிய கீறல்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஜெல் கோட் அரை மில்லிமீட்டர் பூச்சுதான். உப்புத்தாளால் அதைத் தேய்த்தெடுங்கள். கோடு மறைந்துவிட்டால் பூச்சில் மட்டும்தான் கீறல். கோடு நாருக்குள்ளும் தொடர்ந்தால், அல்லது அடியில் நார் பால்போல் வெளுத்திருந்தால், அது உடைந்த இடம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. புட்டி ஏன் நிற்கவில்லை என்று இப்போது பார்க்கலாம். புட்டியைக் குறை சொல்லி எடுபடாது. பாலியஸ்டர் ரெசினாகட்டும் எபாக்சியாகட்டும், பழைய ஃபைபரில் ஒட்டுவது சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான். வெடிப்பின் வாயில் வைத்த புட்டிக்குப் பிடிக்க விரல்கடை இடம்கூட இல்லை. படகு நெளியும் ஒவ்வொரு தடவையும் புட்டி நெளியாது, ஓரத்தில் விட்டுக்கொடுக்கும். அதோடு, வெடிப்புக்குள் உப்பு ஈரம். படகைக் கரையில் ஏற்றிய அன்று மாலையே அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாருக்குள் ஊறிய தண்ணீர் ஒரு மாலையில் காயாது. முதலில் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி உப்பை எடுக்க வேண்டும். உப்பு இருக்கும்வரை அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அப்புறம் கிரைண்டரால் திறந்து, மேலே நிழலும் பக்கத்தில் காற்றோட்டமுமாக நாலைந்து நாள் விட வேண்டும். காய்ந்ததா என்று தெரிய, அந்த இடத்தில் ஒரு பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு பகல் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் நாள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் காய வைக்க அருமையான வெயில், ஆனால் அப்போதுதான் ஃபைபர் படகு மீனுக்கு நல்ல விலை, யாரும் படகைக் கரையில் வைக்க மாட்டார்கள். மாசி, பங்குனி சரியாக இருக்கும்.

தேய்ப்பதில்தான் வேலையின் முக்கால் பங்கு. வெளிப்பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும். உள்ளே ஒட்டினால் கடல் தண்ணீர் ஒட்டைத் தள்ளிக் கழற்றப் பார்க்கும், வெளியே ஒட்டினால் அதே தண்ணீர் அழுத்திப் பிடிக்கும். வெடிப்பை ஒரு தட்டுபோல் சரிவாக அகலப்படுத்துங்கள். நடுவில் ஆழம், ஓரத்துக்குப் போகப் போக ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். எவ்வளவு அகலம்? கனத்தைப்போல் 12 மடங்கு, ஒவ்வொரு பக்கமும். அடி 6 மில்லிமீட்டர் கனம் என்றால் வெடிப்பின் இரண்டு பக்கமும் ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாமல். ஒரு கீறலுக்காக இவ்வளவு நல்ல ஃபைபரைத் தேய்ப்பதா என்று கை தயங்கும். தயங்கினால் இரண்டு வாரத்தில் மறுபடி அதே வேலை. வெளுத்த நார், கறுத்த நார் எல்லாம் போய், ஒரே சீரான நிறம் வரும்வரை தேயுங்கள். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். முகமூடி என்று துண்டைக் கட்டிக்கொள்வது பயனில்லை, தூசி துண்டைத் தாண்டி உள்ளே போகும்.

இனி ரெசின். இந்த அளவு வேலைக்குச் சாதாரண பாலியஸ்டர் ரெசினும், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டும் போதும். ஒரு அடுக்கு 450 மேட் காய்ந்தால் சுமார் ஒரு மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஆறு அடுக்கு. ஒரு சதுர அடிக்கு ஆறு அடுக்கு போட மேட் கால் கிலோ, ரெசின் அறுநூறு கிராம் அளவுக்குப் பிடிக்கும். எபாக்சி இதைவிட நன்றாகப் பிடிக்கும், விலையும் பல மடங்கு. கூடவே ஒரு சிக்கல், நாம் வாங்கும் சாதாரண மேட்டைக் கட்டியிருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில் கரைவதற்காகச் செய்தது, எபாக்சியில் சரியாக இளகாது. எபாக்சி என்றால் நெய்த துணியைப் பயன்படுத்துங்கள்.

ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டும், அதை வேகப்படுத்துகிற கோபால்ட்டும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, கடைசியாகத்தான் கேட்டலிஸ்ட். கடையில் கோபால்ட் கலந்த ரெசினே கொடுத்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு சொட்டு பட்டாலும் பார்வைக்கே ஆபத்து; பட்டால் உடனே கால் மணி நேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அளவுக்கு மருந்துக் கடை சிரிஞ்சு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து மில்லி. வெயில் அதிகம், சீக்கிரம் இறுகிவிடுகிறது என்று கேட்டலிஸ்ட்டை ஐந்து மில்லியாகக் குறைக்கிறவர்கள் உண்டு. அப்படிக் குறைத்த ரெசின் கடைசிவரை முழுதாக இறுகவே இறுகாது. அதற்குப் பதிலாக அரைக் கிலோ, கால் கிலோவாகக் கலக்குங்கள். தார்ப்பாய் கட்டி நிழலில் செய்யுங்கள், பனி விலகிய பிறகு தொடங்குங்கள். டப்பாவில் மிஞ்சிய ரெசின் சூடேறிப் புகையும், மணலில் பரப்பி ஊற்றிவிடுங்கள். பக்கத்தில் பீடி கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தேய்த்த இடத்தை அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் ஒரு முறை துடைத்து ஆறவிட்டு, முதலில் வெறும் ரெசினைப் பிரஷ்ஷால் பூசுங்கள். அதன்மேல் மேட். மேட்டின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் நார் கலைந்து ஓரம் மெல்லியதாகப் படியும், வரம்பு தெரியாது. முதல் அடுக்கு மேட்டாகத்தான் இருக்க வேண்டும், ரோவிங் என்கிற கனமான நெய்த கண்ணாடி நார்த் துணி அல்ல. ரோவிங் பழைய பரப்பில் சரியாகப் படியாது. இருப்பதிலேயே பெரிய துண்டை முதலில் போட்டு, மேலே போகப் போகச் சிறியதாக்குங்கள். கடைசியில் சமன் செய்யத் தேய்க்கும்போது பெரிய அடுக்கு அறுபடாமல் இருக்கும். பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளையாக இருந்த மேட் நனைந்ததும் கண்ணாடிபோல் மாறி அடியில் உள்ளது தெரியத் தொடங்கும். வெள்ளைப் புள்ளி எங்காவது மிஞ்சினால் அங்கே காற்று நிற்கிறது, இரும்பு ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டித் தள்ளுங்கள். மூன்று அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம், சூட்டில் சுருங்கும். கொஞ்சம் ஆறவிட்டு மீதி மூன்று. அதே நாளில் தொடர்ந்தால் நடுவே தேய்க்கத் தேவையில்லை. மறுநாள் என்றால் உப்புத்தாள் போட்டே தீர வேண்டும்.

மேலே ஜெல் கோட். சாதாரண ஜெல் கோட் காற்றுப் படும் பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும், அல்லது மெல்லிய பாலியஸ்டர் ஃபிலிம் தாளை மேலே ஒட்டி மூட வேண்டும். ஏராவில் ஜெல் கோட்டை நம்பிப் பயனில்லை, இழுபடும் படகுக்கு அது ஒரு மாதம். ஆறு அடுக்குக்கு மேல் ரோவிங்கும் மேட்டுமாக இரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டு, அது தேய்வதற்கென்றே இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை அதை மட்டும் புதுப்பித்தால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. இரும்புப் பட்டையை ஸ்குரூ போட்டு ஏராவில் முடுக்குவது நல்ல யோசனைபோல் தோன்றும். ஒவ்வொரு ஸ்குரூவும் ஒரு புது ஓட்டை, அதனால் எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்து மூன்று நாளாவது மணலில் இழுக்காமல் விடுங்கள்.

வெடிப்பு அணியத்து மிதப்பு அறையின் மேல் இருந்தால் ஒரு எச்சரிக்கை. உள்ளே தெர்மாகோல் அடைத்திருப்பார்கள். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும், அசிட்டோனும் அப்படியே. நீங்கள் மேட் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பள்ளம் விழும், ரெசின் உள்ளே வழிந்து போகும். ஓட்டை வழியாகத் தெர்மாகோல் தெரிந்தால் முதல் இரண்டு அடுக்கை எபாக்சியும் துணியுமாகப் போட்டு மூடிவிட்டு, அது இறுகிய பிறகு தொடருங்கள். அதற்கு முன், அந்த அறையின் தாழ்ந்த மூலையில் ஒரு துளை போட்டுப் பாருங்கள். தண்ணீர் கொட்டினால் அது முழுதாக வடியும்வரை மூடாதீர்கள். கொஞ்ச காலமாகவே படகு கனக்கிறது, மோட்டார் இழுக்கவில்லை என்று தோன்றியிருந்தால் காரணம் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

பின்பலகை வேறு கதை. அங்கே இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பிளைவுட் இருக்கும். மோட்டார் அதிர்வில் போல்ட் தளர்ந்து, துளை வழியே தண்ணீர் பிளைவுட்டுக்குள் இறங்கும். ஒரு போல்ட்டைக் கழற்றி அந்தத் துளையில் கம்பி விட்டுக் கிளறிப் பாருங்கள். காய்ந்த மரத்தூள் வந்தால் பிழைத்தீர்கள். துளையைப் பெரிதாக்கி, காயவைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளைத்து, பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் தடவி, உள்பக்கம் அகலமான எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட் வைத்து முடுக்கினால் போதும். கறுத்த ஈரக் கூழ் வந்தால் பலகை மக்கிவிட்டது. அதன்மேல் என்ன ஒட்டினாலும் வீண், ஒரு நாள் மோட்டாரே பலகையோடு கழன்று கடலுக்குள் போகும். அதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், படகு வார்க்கிற பட்டறையில் கொடுத்து உள் தோலை வெட்டிப் பலகையை மாற்றச் சொல்லுங்கள்.

ஒரே இடம் மூன்றாவது முறை வெடித்தால் அங்கே ஒட்டில் குறையில்லை, அந்த இடம் நெளிகிறது. காலால் மிதித்தால் உள்வாங்கும். உள்பக்கம் நெடுக்காகப் பிளந்த பி.வி.சி. குழாயைக் கவிழ்த்து வைத்து, மேலே மூன்று நாலு அடுக்கு மேட் போர்த்தி ஒரு விலா எலும்பு கட்டுங்கள். குழாயில் ரெசின் ஒட்டாது, பரவாயில்லை, வலு மேட்டில்தான் இருக்கிறது.

படகைச் சரிசெய்யும் நாள் வரும்வரை கடலுக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை என்று தெரியும். ஒரு பையில் பழைய பருத்தித் துணி, கிரீஸ் டப்பா, சீவிய மர ஆப்பு நாலு அளவில், லாரி டியூபில் வெட்டிய ரப்பர் துண்டு, தண்ணீருக்குள்ளேயே இறுகும் எபாக்சி புட்டி ஒன்று, இவ்வளவும் படகிலேயே இருக்கட்டும். துளை என்றால் கிரீஸ் தோய்த்த துணியைச் சுற்றிய ஆப்பு. நீள வெடிப்பு என்றால் உள்ளிருந்து ரப்பரை வைத்து, மேலே பலகைத் துண்டை வைத்து, ஏதாவது ஒரு கட்டையால் முட்டுக் கொடுங்கள். ஆப்பைச் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள், வெடிப்பு நீளும். கையால் திருகி இறுக்கினாலே கரை வரைக்கும் தாங்கும்.